ஒப்பந்தத்தால் காக்கப்படும் ஏகபோகம்: மைக்ரோசாஃப்ட் முதல் கூகுள் வரை

தொழில்நுட்பப் பெருநிறுவனம் ஒன்று முதலிடத்துக்கு வருவதற்கு அதன் பொருளின் தரம் காரணமாக இருக்கலாம். அந்த இடத்தைப் பிறர் நெருங்காமல் காப்பது பெரும்பாலும் கருவி தயாரிப்பாளர்களோடு அது செய்துகொள்ளும் ஒப்பந்தமே. அமெரிக்க நீதிமன்றங்கள் இதை முழுமையாக உணர முப்பது ஆண்டுகள் பிடித்தன.

ஏகபோகத்துக்கு எதிரான அமெரிக்கச் சட்டமான ஷெர்மன் சட்டம் 1890இல் இயற்றப்பட்டது. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தை 1911இல் உடைத்த அதே சட்டம்தான் பின்னாளில் மைக்ரோசாஃப்ட் மீதும் பாய்ந்தது. முதல் குற்றச்சாட்டு உரிமத்தொகை பற்றியது. எம்.எஸ்.-டாஸ் இயங்குதளம் ஏற்றப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், விற்கும் ஒவ்வொரு கணினிக்கும் மைக்ரோசாஃப்டுக்குப் பணம் தரும்படி தயாரிப்பாளர்களின் ஒப்பந்தங்கள் அமைந்திருந்தன. வேறு இயங்குதளத்தை விரும்பியவர் இருமுறை செலவழிக்க வேண்டும். 1994 ஜூலையில் அரசோடு ஏற்பட்ட உடன்பாடு இம்முறைக்கு முடிவுகட்டியது.

ஆனால் பிடி தளரவில்லை. காம்பாக் நிறுவனம் தன் கணினித் திரையிலிருந்து மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் சின்னத்தை நீக்கியபோது, விண்டோஸ் உரிமத்தையே ரத்து செய்வதாக 1996இல் மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. காம்பாக் பணிந்தது. விண்டோஸ் இல்லாமல் கணினி விற்க முடியாத நிலையில் அதற்கு வேறு வழியில்லை. 1998 மே மாதம் அரசு வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க நீதிபதி ஜாக்சன் 2000 ஜூனில் ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் அந்த ஆணையை ரத்து செய்தாலும், ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்தது என்ற முடிவை ஒருமனதாக உறுதிசெய்தது. போட்டி உலாவியான நெட்ஸ்கேப்புக்கு அதனால் பயனில்லை. தீர்ப்பு வருமுன்பே அது ஏ.ஓ.எல். நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது.

கூகுளின் ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் இதே உத்தி மேலும் நுட்பமானது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுள் தேடலையும் குரோமையும் சேர்த்தே கைபேசியில் நிறுவ வேண்டியிருந்தது. இதற்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையமும் 2022 அக்டோபர் 20 அன்று 1,337.76 கோடி ரூபாய் விதித்தது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அத்தொகையை உறுதிசெய்தது. ஆனால் ஆணையத்தின் பத்து உத்தரவுகளில் நான்கை நீக்கியது. என் பார்வையில் இழப்பு அந்த நான்கில்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அபராதம் ஒரு செலவுக் கணக்கு; நடைமுறையை மாற்றுவது உத்தரவுதான்.

அமெரிக்காவில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 அன்று, 2001 தீர்ப்பையே அடித்தளமாகக் கொண்டு, தேடல் சந்தையில் கூகுள் சட்டத்தை மீறியதாக அறிவித்தார். கருவிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முதலில் அமைந்திருக்க, 2021இல் மட்டும் அது 2,630 கோடி டாலர் கொடுத்திருந்தது. 'விரும்பினால் பயனர் மாற்றிக்கொள்ளலாமே' என்ற வாதத்துக்கு வழக்கிலேயே பதில் இருந்தது: மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி முன்னமைவாக உள்ள எட்ஜ் உலாவியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுத் தேடல்கள் பிங்கிலேயே நடந்தன. மற்ற இடங்களில் பிங்கின் பங்கு மிகச் சிறியது என்பது நாம் அறிந்ததே.

2025 செப்டம்பரில் வந்த தீர்வாணை, பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடைசெய்து, சில தேடல் தரவுகளைப் போட்டியாளர்களுடன் பகிரச் சொன்னது. முதலிடத்துக்காகப் பணம் தருவதை மட்டும் அனுமதித்தது. ஏகபோகத்தைக் காத்த கருவி எதுவென்று கண்டறிந்த பிறகும் அதை உரியவர் கையிலேயே விட்டுவைத்தது இத்தீர்ப்பின் பெருங்குறை.