குந்துருக்கம்: மணமும் மருந்தும்

ஓசூரின் ஆலைகளைக் கடந்து தேன்கனிக்கோட்டைப் பக்கம் சென்றால் மேலகிரிக் காடுகள் விரிகின்றன. இத்தகைய வறண்ட இலையுதிர் காடுகளுக்குரிய மரமே குந்துருக்கம், வடமொழியில் சல்லகி. பட்டையைச் சீவக் கசியும் பால் உறைந்து பிசினாகிறது. அராபியக் கரையிலும் சோமாலியாவிலும் இதன் உறவுமரங்கள் உண்டு. நாம் சாம்பிராணி என்பதோ பெரும்பாலும் சுமத்திராவின் வேறொரு மரத்துப் பிசின்.

நெல் வாங்க மனைவி தந்த தாலியைக் கொடுத்துக் குங்கிலியம் வாங்கிய திருக்கடவூர்க் கலய நாயனாரைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடினார். தூபப் பிசினுக்கு நம் மரபு தந்த மதிப்பு அது. அன்று தணலில் புகைந்த பிசின்கள் இன்று நீராவியில் வடிக்கப்பட்டு, நறுமணச் சிகிச்சை எண்ணெயாகவும் விற்பனையாகின்றன.

குந்துருக்கத்தை வடிக்கையில் ஆவியோடு வருபவை ஆல்ஃபா-துஜீன் போன்ற இலேசான மணப்பொருள்களே. மூட்டுவலிக்கு ஆராயப்படும் போஸ்வெலிக் அமிலங்கள் கனமானவை. அவை பிசினிலேயே தங்கிவிடுகின்றன. எண்ணெயின் மணம் மனத்தை இளக்கலாம். பிசினின் மருத்துவப் புகழை அதன்மேல் ஏற்றுவது பொருந்தாது.

மிகையாகச் சீவுவதும், தீயும் மேய்ச்சலும் இளங்கன்றுகளை அழிப்பதும் தொடர்ந்தால், எத்தியோப்பிய உறவுமரத்தின் விளைச்சல் 20 ஆண்டுகளில் பாதியாகும் என 2019இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. மணத்தை விலைபேசும் நாம் மரத்தின் காயம் ஆறக் காத்திருக்கிறோமா?