ஒழுங்காகத் தெரிந்த பகுதி

1886இல் பெர்லினில் கூடிய குழந்தை மருத்துவர்கள் முன்னால், டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இரண்டு கைக்குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பிறந்ததிலிருந்தே மலம் சரியாகப் போகாமல், வயிறு பானைபோல உப்பி, இரண்டுமே இறந்துவிட்டன. திறந்து பார்த்தபோது பெருங்குடல் பயங்கரமாக விரிந்து கிடந்தது. விரிந்த குடல்தான் நோய் என்று அவர் எடுத்துக்கொண்டார். பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

சுமார் 5000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்த நோய் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அடுத்த 60 ஆண்டுகள் மருத்துவர்கள் அந்த விரிந்த பகுதியோடுதான் மல்லுக்கட்டினார்கள். வெட்டி எடுத்தும் பார்த்தார்கள். வயிறு மறுபடியும் உப்பியது.

வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? தண்ணீர் பொங்குவது ஓரிடம், அடைப்பு இருப்பது அதற்குக் கீழே. பாஸ்டனில் ஓர்வர் ஸ்வென்சன் கண்டுபிடித்ததும் அதுதான். வயிற்றில் துளை போட்டுக் குடலை வெளியே திறந்துவிட்டால் பிள்ளைகள் தேறினார்கள். துளையை மூடினால் தொல்லை திரும்பியது. அப்படியென்றால் விரிந்த குடல் வேலை செய்கிறது. சிறிய பலூன்களை உள்ளே விட்டு அழுத்தத்தை அளந்தார். குடலின் அலை கீழே இறங்கி வந்து, ஒடுங்கிய பகுதியில் நின்றுபோனது. பார்க்க ஒழுங்காகத் தெரிந்த அந்தப் பகுதியில்தான் குடலை இயக்கும் நரம்பணுக்கள் இல்லை. அதை நீக்கிவிட்டு, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைக்கும் சிகிச்சையை 1948இல் ஸ்வென்சனும் பில்லும் வெளியிட்டார்கள். செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள்.

ஆனால், பிழைத்த பிள்ளை என்ன ஆனது?

துளை போட ஒருமுறை, குடலை இணைக்க ஒருமுறை, துளையை மூட ஒருமுறை என்று பலர் திரும்பத் திரும்ப வார்டுக்கு வர வேண்டியிருந்தது. அன்றைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளிலோ பெற்றோர் வந்து பார்க்கக் கடும் கட்டுப்பாடு. அம்மா வந்து போனால் பிள்ளை அழும், அதனால் வராமல் இருப்பதே நல்லது என்றார்கள். சில நாளில் அழுகை நின்றுவிடும். பிள்ளை பழகிவிட்டது என்று நர்ஸ்களுக்கு நிம்மதி.

லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த அமைதியை நம்பவில்லை. 1952இல், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையைப் படம் எடுத்துக் காட்டினார். முதலில் அதைப் பார்த்த மருத்துவர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது. அது பழகிய அமைதி இல்லை, நம்பிக்கை விட்டுப்போன அமைதி என்பதுதான் அவர் வாதம். 1959இல் பிளாட் அறிக்கை, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளைகளோடு அம்மாவும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. இங்கேயும் கோளாறு, ஒழுங்காகத் தெரிந்த இடத்தில்தான் இருந்தது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அறுவை சிகிச்சை வெற்றி, குடலில் வழி திறந்துவிட்டது. ஆனால் சில பிள்ளைகளுக்கு மலம் தெரியாமல் கசிந்துகொண்டே இருக்கும். ஆசனவாயே இல்லாமல் பிறந்து சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மருத்துவர் குறிப்பில் அது வெற்றி. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொள்கிறது. பத்து வயதிலும் புத்தகப்பையில் ஒரு பேம்பர்ஸ். தினமும் எனிமா கொடுத்தால் சுத்தமாக இருக்கலாம், உண்மைதான். ஆனால் அதைக் கீழிருந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். வயசுக்கு வந்த பிள்ளை எத்தனை நாள் அம்மா முன்னால் அப்படிப் படுத்துக் கிடக்கும்?

1990இல் இங்கிலாந்தில் மலோனும் சகாக்களும் வழியையே திருப்பிப் போட்டார்கள். எதற்கும் உதவாது என்று நாம் நினைக்கும் குடல்வாலை வயிற்றுத் தோலோடு இணைத்து ஒரு சின்ன வாசல் வைத்தார்கள். அதில் மெல்லிய குழாயைச் செருகித் தண்ணீரை விட்டால், பெருங்குடலின் தொடக்கத்திலிருந்து எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். கழிவறையில் உட்கார்ந்தபடியே பிள்ளையே செய்துகொள்ளலாம்.

இந்தச் சிகிச்சையில் நோய் குணமாவதில்லை, நரம்பும் தசையும் பழையபடிதான் இருக்கும். இருந்தாலும் 1948இன் சிகிச்சைக்குச் சமமாக இதை வைக்கத் தோன்றுகிறது. குடல் திறந்ததா என்று கேட்பதோடு நிற்காமல், இந்தப் பிள்ளை நாளைக்கு எப்படிப் பள்ளிக்கூடம் போகும் என்று கேட்டதால் கிடைத்த விடை இது. இப்போது அந்தப் பிள்ளை கழிவறைக்குள் தனியாகப் போய், கதவைத் தானே சாத்திக்கொள்கிறது.