தாயின் தொழில்: இல்லை

கெம்பஸ் வந்த முதல் வருசம் ஒரு ஃபோம் நிரப்பினேன். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் யோசிக்காமலே 'இல்லை' என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை கண்டியில் பஸ் மாறி வீட்டுக்குப் போனால், அம்மா மெஷினில் குனிஞ்சபடி யாரோ ஒரு புள்ளைக்குச் சட்டை தச்சிக்கிட்டு இருந்தாங்க. அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்துதான் அந்த மெஷினின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

சிங்கர் கொம்பனி 1851இல் அமெரிக்காவில் ஆரம்பமானது. சாதாரணக் குடும்பத்தால் அந்த மெஷினை மொத்தக் காசு கொடுத்து வாங்க முடியவில்லை. 1856 அளவில் பங்காளி எட்வர்ட் கிளார்க் தவணைக்கு விற்கும் முறையைக் கொண்டுவந்தார். 1877இல் கொம்பனி இலங்கைக்கு வந்தது. 1893 சிக்காகோ கண்காட்சிக் காலத்தில் அவர்கள் அச்சிட்ட 'உலக நாட்டு உடைகள்' விளம்பர அட்டைகளில் இலங்கைக்கும் ஒன்று உண்டு. இந்த மெஷின் இங்குள்ள சாதாரண ஆட்களின் வாழ்க்கைக்குள் நுழைந்த கதையை நிரா விக்கிரமசிங்க 'மெட்டாலிக் மொடர்ன்' என்ற நூலில் எழுதியிருக்கிறார்.

ஆனால் 'வீட்டில் இருந்து தைக்கிற தாய்' என்ற படம் கண்டி டவுனுக்குப் பொருந்தலாம், டவுனைச் சுற்றியிருந்த மலைகளுக்குப் பொருந்தவே இல்லை. 1867இல் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை, கோப்பி அழிந்தபிறகு மலையெல்லாம் பரவியது. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டியிருந்தது. விடிய முந்தி எழும்பி, சமைத்து, புள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு ஓடணும். பின்னேரம் வந்து திரும்பவும் அடுப்பு. பிரசவகால நன்மைகள் சட்டம் 1939இல் வந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வர 1984 ஆகிவிட்டது. தைக்க நேரம் எங்கே?

ஆனாலும் தைத்திருக்கிறார்கள். என் அம்மாயி கையால்தான் தைப்பாங்களாம். கோதுமைமா வந்த வெள்ளைத் துணிச் சாக்கை, எழுத்து அழியும்வரை அவித்து, கல்லில் அடித்து, காயவைத்து, வெட்டித் தைத்த சட்டையைத்தான் அம்மாவும் மாமாமாரும் போட்டார்களாம். அதுவும் பிறந்த பிறகுதான். புள்ளை பிறக்க முந்திப் புதுத்துணி தயார்பண்ணக் கூடாது, முதலில் போடுவது பழைய சேலைத்துண்டாகத்தான் இருக்கணும். இதை வெறும் நம்பிக்கை என்று நான் தள்ளிவிட்டிருப்பேன். பலமுறை துவைத்த துணிதான் பச்சைப்புள்ளையின் தோலுக்கு மிருது என்று அம்மா சொன்னபோது வாயை மூடிக்கொண்டேன்.

அம்மா கல்யாணத்துக்குப் பிறகு தோட்டத்தைவிட்டு வெளியே வந்தவங்க. கண்டி கொழும்பு வீதிக் கடைகளில் வொயில் துணி யார் கணக்கில் வாங்கி வருவாங்க. பொத்தான் வைக்கமாட்டாங்க, முதுகில் நாடாதான். தையல் விளிம்பு புள்ளையின் உடம்பில் உரசாதபடி உள்ளே மடித்து ரெண்டு தரம் தைப்பாங்க. ஒரு சட்டை ஒரே மூச்சில் முடிந்ததை நான் பார்த்ததில்லை. கழுத்து வெட்டினதும் பருப்பை இறக்கணும், கை தைத்ததும் உடுப்புக் காயப்போடணும், அதற்குள் தம்பி வந்துவிடுவான். பக்கத்து வீட்டில் கேட்பார்கள்: "சும்மாதானே இருக்கீங்க அக்கா, நம்ம மகள்ட புள்ளைக்கும் ஒரு செட் தச்சிக் குடுங்களேன்." அன்பளிப்பு என்றால் காசு கேட்க முடியாது. நூலுக்குக்கூட.

1992இல் பிரேமதாசவின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தபோது இதே தையல் கிராமத்துப் பெண்களுக்குச் சம்பள வேலையானது. அந்த வேலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை, டார்கெட்டில் உயிர்போகும். ஆனால் அங்கே அதற்கு ஈபிஎஃப் இலக்கம் உண்டு. வீட்டில் தைத்தால் பேரே இல்லை. இலங்கைப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருப்பதாகப் புள்ளிவிபரம் சொல்கிறது. மற்றவர்கள் நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று நாடு தழுவிய நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்று நடந்ததே 2017இல்தான்.

அம்மாவிடம் ஒரு மொனிட்டர் கொப்பி இருக்கிறது. உள்ளே புள்ளைகளின் அளவுகள்: நெஞ்சு, தோள், உயரம். பேர் இல்லை, 'கீழ்வீட்டு மூத்தவள் புள்ளை', 'கடைக்கார அண்ணன் பேத்தி' என்றுதான் இருக்கும். போன கிழமை அதை எண்ணப் பார்த்தேன். பக்கங்கள் சில கிழிந்திருந்தன, அறுபத்துமூன்று வரை வந்தது. இனி ஃபோமில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"மொதல்ல இந்த ஊசியில நூலக் கோத்துக் குடு. கண்ணு தெரியல."