ரோபோ அறுவைச் சிகிச்சை: கைப்பிடியின் கதை

போன மாதம் ஒரு மாலை, சிம்ஸ் பூங்கா பக்கம் நடந்துவிட்டுத் திரும்பினால், நண்பர் ஒருவர் ஆஸ்பத்திரி ஃபைலோடு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் டீ மேக்கராக இருந்தவர். பிராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், ஆரம்ப நிலை. கோயம்புத்தூரில் டாக்டர், ரோபோ மூலம் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"சார், நீங்க நாலும் படிக்கிறவர். அந்த மெஷினுக்குத் தொட்டா தெரியுமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அவர் ஏன் இதைக் கேட்டார் என்று நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும். இலை வாடியது போதுமா என்று பார்க்க டீ மேக்கர் ஒரு கைப்பிடி இலையை அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறப்பார். உருண்டை மெதுவாக விரிய வேண்டும், சரசரக்கக் கூடாது. அந்த ஒரு பிடியில்தான் அன்றைய தேயிலையின் தலையெழுத்து இருக்கிறது. கையை நம்பியே வாழ்ந்தவர் கையைப் பற்றித்தான் கேட்பார்.

இரண்டு வாரம் படித்தேன். நம் வயதில் இது பலருக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் அறுவை மருத்துவருக்கு 'ஷிரூர்ஜியேன்' என்று பெயர். கிரேக்க மூலத்தில் அதன் பொருள் 'கையால் வேலை செய்பவர்'. இயந்திரத்தை இயக்கும் கைப்பிடிக்கு 'மானெத்' என்பார்கள். அதுவும் கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததுதான். ரோபோ அறுவைச் சிகிச்சையின் வரலாறு, இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே நடந்த கதை.

கதை ஆஸ்பத்திரியில் தொடங்கவில்லை, அணு ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்குகிறது. 1940களின் கடைசியில் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் இருந்தார். கதிர்வீச்சுள்ள பொருளைக் கையால் தொட முடியாது. அதனால் கனத்த சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடிக் கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி இரும்புக் கை என்று அமைத்தார். இங்கே கை திரும்பினால் அங்கேயும் திரும்பும். 1950களில் மின் மோட்டார் வைத்தும் செய்தார். முக்கியமான விஷயம், இரும்புக் கை எதிலாவது இடித்தால் இந்தப் பக்கம் கைப்பிடியில் அது தெரியும். என் நண்பர் கேட்ட கேள்வி அவருக்கும் அன்றே தோன்றியிருக்கிறது!

அடுத்து மருத்துவம். 1987இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் முரே என்ற மருத்துவர், வயிற்றில் சிறு துளைகள் போட்டு, வீடியோ கேமராவில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்தார். நான்கைந்து வருடத்தில் இந்த முறை கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. டாக்டர் பழனிவேலு 1991இல் அங்கே தொடங்கினார். நம் மலையிலிருந்து இறங்கிப்போய்ப் பித்தப்பையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

நோயாளிக்குச் சுகம், ஆனால் டாக்டரின் கைக்குக் கஷ்டம். நீளமான கருவி, துளையில் ஊன்றி நிற்கிறது. ஊட்டி ஏரியில் துடுப்புப் போட்டவர்களுக்குத் தெரியும், கை இந்தப் பக்கம் போனால் துடுப்பின் நுனி அந்தப் பக்கம் போகும். அதே கதைதான். போதாததற்குக் கருவியின் நுனியில் மணிக்கட்டு கிடையாது. மணிக்கட்டைக் கட்டிப்போட்டுக் கோணி ஊசியால் தைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

அந்த மணிக்கட்டைத் திருப்பிக் கொடுத்ததுதான் ரோபோவின் முதல் சாதனை. போர்முனையில் காயம்பட்டவருக்குத் தூரத்திலிருந்தே சிகிச்சை செய்ய முடியுமா என்ற அமெரிக்க ராணுவத்தின் ஆசையில் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகமும், எம்.ஐ.டி.யும் வேலை செய்தன. அதையெல்லாம் சேர்த்து 1995இல் இன்ட்யூட்டிவ் சர்ஜிக்கல் நிறுவனம் தொடங்கியது. அவர்களுடைய 'டா வின்சி' இயந்திரத்துக்கு 2000இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

டாக்டர் சில அடி தள்ளி ஒரு மேசை முன் உட்காருகிறார். முழங்கைக்குத் தாங்கல் உண்டு. கட்டை விரலும் இன்னொரு விரலும் சிறு பட்டைக்குள் நுழைகின்றன. விரல்களைச் சேர்த்தால் உள்ளே இடுக்கி மூடும். தலையைக் குனிந்து பார்த்தால், தன் கை இருக்கும் இடத்திலேயே கருவி இருப்பதுபோலத் தெரியும்படி படத்தை அமைத்திருக்கிறார்கள். கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் நுனி ஒரு சென்டிமீட்டர் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கை ஓரத்துக்குப் போய்விட்டால், காலால் ஒரு பெடலை அழுத்திக் கையை மட்டும் நடுவுக்குக் கொண்டுவரலாம், கருவி அசையாது. முகத்தை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். தானாக அது எதையும் வெட்டாது.

இன்னொன்று, நடுக்கம். எல்லா மனிதர் கையிலும் நொடிக்கு 8 முதல் 12 தடவை ஒரு மெல்லிய அதிர்வு உண்டு. இயந்திரம் அந்த வேகமான அதிர்வைக் கழித்துவிட்டு, வேண்டுமென்றே செய்த அசைவை மட்டும் உள்ளே அனுப்புகிறது. ஒரு காலத்தில் நான் எழுதிய கோப்புகளை 'அச்சடித்த மாதிரி' என்பார்கள். இப்போது வங்கியில் என் கையெழுத்து ஒத்துப்போவதில்லை. இந்த இடத்தைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் நியூயார்க்கில் கைப்பிடிகளைப் பிடித்தார். நோயாளி, 68 வயதுப் பெண்மணி, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் ஸ்ட்ராஸ்பூர் நகரில். 'ஜீயஸ்' என்ற ரோபோ 54 நிமிடத்தில் பித்தப்பையைப் பிரித்தெடுத்தது. கை அசைந்து, அதன் படம் திரும்பி வர ஆன தாமதம் சுமார் 0.155 நொடி. 1927இல் அந்தக் கடலைத் தனியாகப் பறந்து கடந்தவர் நினைவாக 'லிண்ட்பெர்க் ஆபரேஷன்' என்று பெயர் வைத்தார்கள். நான்கு நாளில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. உலகம் வேறு செய்திக்குப் போய்விட்டது.

இந்தியாவில் 2025 ஜனவரியில், இங்கேயே உருவான 'மந்த்ரா' ரோபோ மூலம் குருகிராமில் இருந்துகொண்டு 286 கிலோமீட்டர் தூரத்தில் ஜெய்ப்பூரில் இதய அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சென்னையில் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் 2022இலேயே சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ வந்துவிட்டது. கைப்பிடியும் பலவிதமாகிவிட்டது. 'ஹியூகோ'வில் துப்பாக்கிப் பிடி போல. 'வெர்சியஸ்' இயந்திரத்திலோ பேரப்பிள்ளைகளின் வீடியோ விளையாட்டுக் கட்டை போல.

இனி நண்பரின் கேள்வி. மெஷினுக்குத் தொட்டால் தெரியுமா? பல வருடங்களாகப் பதில், தெரியாது என்பதுதான். கோர்ட்ஸ் கொடுத்த தொடு உணர்வு, அறுவை ரோபோவில் காணாமல் போயிற்று. மெல்லிய குழாய்க்குள் கம்பிகள் உரசுவதில் உண்மையான அழுத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. நுனியில் உணர்கருவி வைத்தால் அது கிருமி நீக்கும் சூட்டைத் தாங்க வேண்டும். அதனால் டாக்டர்கள் கண்ணால் தொடக் கற்றுக்கொண்டார்கள். தசை வெளுத்தால் அழுத்தம் அதிகம், நூல் விறைத்தால் இழுவை அதிகம். 2024இல் அனுமதி பெற்ற 'டா வின்சி 5' இயந்திரத்தில் சில கருவிகளுக்கு அந்த உணர்வு திரும்பியிருக்கிறது.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிராஸ்டேட் அறுவைச் சிகிச்சையில் திறந்த முறையையும் ரோபோவையும் ஒப்பிட்டார்கள். ரோபோவில் ரத்த இழப்பு குறைவு. ஆனால் சிறுநீர்க் கட்டுப்பாடு முதலியவற்றில் இரண்டு வருடம் கழித்துப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, எந்த மெஷின் என்பதைவிட, அதைப் பிடிக்கும் கை எத்தனை தடவை பிடித்த கை என்பதைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் சொன்னார்: "எங்க ஃபேக்டரிக்கு ஈரம் பாக்குற மீட்டர் வந்துச்சு சார். மீட்டரையும் பாப்பேன், இலையையும் பிடிச்சுப் பாப்பேன். புதுசா வந்த பையன் மீட்டரை மட்டும் பாப்பான். அந்த டாக்டர் எந்த மாதிரின்னு கேக்கணும்."

போய்க் கேட்டிருக்கிறார். "உங்க கையால எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? நடுவுல மெஷின் நின்னா என்ன செய்வீங்க?" டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கையைச் சொல்லி, மெஷின் நின்றால் கையாலேயே முடிப்பேன், அதிலும் பழக்கம் உண்டு என்றாராம். அந்தப் பதில்தான் நண்பருக்குப் பிடித்துப்போயிற்று.

வருகிற செவ்வாய்க்கிழமை அட்மிஷன். காலை முதல் பஸ்ஸில் அவரோடு நானும் மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.