கையில் காசா, குடியிருக்க வீடா?

குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் போதும், வேண்டியதை அவரவரே வாங்கிக்கொள்வார்கள் என்பது ஒரு வாதம். வீடு, மருத்துவம், கல்வி போன்ற அடிப்படைத் தேவைகளை அரசாங்கமே அமைத்துத் தரவேண்டும் என்பது மற்றொரு வாதம். இரண்டையும் எடைபோடச் சிங்கப்பூர் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது.

1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீ பரவியது. ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அன்று குடும்பத்துக்கு இவ்வளவு என்று ரொக்கத்தைக் கொடுத்து, "இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? கடைவீடுகளின் மாடியைப் பலகையால் தடுத்துப் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. வீடு கூடியிருக்காது, வாடகைதான் கூடியிருக்கும்.

1927இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 32 ஆண்டுகளில் கட்டியவை சுமார் 23,000 வீடுகளே. 1960 பிப்ரவரியில் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகமோ மூன்றே ஆண்டுகளுக்குள் சுமார் 21,000 வீடுகளைக் கட்டியது. தீ எரிந்த அதே இடத்திலும் அடுக்குமாடிகள் எழுந்தன. அவை இலவசமல்ல, ஏழைத் தொழிலாளியும் கொடுக்கக்கூடிய வாடகை. 1964இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கவும் வழி பிறந்தது.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. கம்பத்தில் கோழி, பன்றி வளர்த்துப் பிழைத்தவர்களுக்கு மாடிவீட்டில் அது முடியவில்லை. அரசாங்கம் பொருளாகக் கொடுக்கும்போது, எது தேவை என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அரசாங்கத்தின் கைக்குப் போய்விடுகிறது.

பணத்தின் சிறப்பு இங்கேதான். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருமானத்தில் உருவான நிதியிலிருந்து 1982 முதல் ஆண்டுதோறும் குழந்தைகள் உட்பட அங்கு வசிப்போருக்குப் பங்கு தருகிறது. முதல் ஆண்டு ஆளுக்கு 1,000 டாலர். எதற்குச் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் 2025 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 300 வெள்ளி பற்றுச்சீட்டு கிடைத்தது. பாதி உணவங்காடிகளிலும் பேட்டைக் கடைகளிலும், பாதி பேரங்காடிகளிலும் செலவிட. இது பணத்துக்கும் பொருளுக்கும் இடைப்பட்ட வழி.

கடையில் அரிசி இருந்தால் காசு பசியாற்றும். வீடே இல்லாத ஊரில் காசு வீடாகிவிடாது; முதலில் யாராவது கட்டவேண்டும். எனவே பணமா, பொருளா என்று கேட்குமுன், வாங்குவதற்கு அந்தப் பொருள் இருக்கிறதா என்று கேட்போம்.