முட்டிக்குள் ஒரு கண்

1877 அக்டோபர் 26. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை. முழங்கால் சில்லு இரண்டாக உடைந்த ஒருவரின் மூட்டைக் கத்தியால் திறக்கிறார் ஜோசப் லிஸ்டர். இரண்டு துண்டுகளிலும் துளை போட்டு, வெள்ளிக் கம்பியால் சேர்த்து இறுக்குகிறார்.

இதிலென்ன இருக்கு என்று இன்று தோன்றலாம். அன்றைக்கு அது உயிரோடு விளையாடும் காரியம். அந்த முறிவில் தோல் கிழியவில்லை. கட்டுப்போட்டு விட்டிருந்தால் ஆள் நொண்டியாவது நடந்திருப்பார். திறந்த மூட்டில் சீழ் வைத்தாலோ காலையே எடுக்கவேண்டும், பல நேரம் உயிரும் போகும். லிஸ்டர் நம்பியது கார்பாலிக் அமிலத்தை. 1865இல் கிளாஸ்கோவில் எலும்பு முறிந்த காயங்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். இந்தக் காயமும் சீழ் வைக்காமல் ஆறியது.

ஏன் இவ்வளவு துணிய வேண்டும்? தொடை எலும்பு நடுவில் உடைந்து, கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் சமாளித்துவிடலாம். மூட்டு அப்படியில்லை. அதன் வழுவழுப்பான பரப்பில் சில மில்லிமீட்டர் மேடுபள்ளம் நின்றுவிட்டால் நடக்க நடக்கத் தேயும். துண்டுகளைச் சரியாகப் பொருத்தப் பார்க்க வேண்டும். பார்க்கத் திறக்க வேண்டும். சீழை ஜெயித்த பிறகும் இந்தச் சிக்கல் தீரவில்லை. பெரிதாகத் திறந்த முட்டி, தழும்பேறி, மடங்க மறுத்தது.

திறக்காமல் பார்க்க முடியுமா? 1912இல் டென்மார்க் மருத்துவர் செவெரின் நோர்டென்டோஃப்ட், பெர்லின் மாநாட்டில் அப்படியொரு கருவியைப் பற்றிப் பேசினார். 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயை ஒரு பிணத்தின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் கவலை எலும்பு முறிவு அல்ல, காசநோய். அது முட்டியை விறைக்க வைத்துவிடும். தரையில் மண்டியிட்டு அமர்ந்தே சாப்பிட்டு, விருந்தாளியை வரவேற்று வாழ்ந்த ஜப்பானியருக்கு மடங்காத முட்டி என்றால் பாதி வாழ்க்கை போன மாதிரி.

தகாகியின் மாணவர் மசாகி வதனபே, 1950களின் கடைசியில் '21ஆம் எண்' கருவியை உருவாக்கினார். நுனியில் குட்டி பல்ப். சில சமயம் அது மூட்டுக்குள்ளேயே உடைந்துவிடும்! ஆனாலும் 1962இல் அதை வைத்தே, கிழிந்த குருத்தெலும்பு வட்டின் ஒரு பகுதியை அகற்றிக் காட்டினார். 1964இல் டோக்கியோ வந்த கனடா மருத்துவர் ராபர்ட் ஜாக்சன் அவரிடம் கற்று, வித்தையை வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்.

1980களில் இந்தக் கண் எலும்பு முறிவுக்கும் வந்தது. கணைக்கால் எலும்பின் மேல்தட்டு உடைந்து உள்ளே அமுங்கியிருக்கும். மருத்துவர் கீழே எலும்பில் சிறு ஜன்னல் போட்டு, அமுங்கிய துண்டை மெல்ல மேலே தள்ளுவார். மட்டம் சரியாகிவிட்டதா என்பதைக் குழாய்வழி திரையில் பார்ப்பார். பிறகு எக்ஸ்ரே உதவியோடு, சின்னத் துளைகள் வழியே ஸ்க்ரூ போட்டு நிறுத்துவார்.

எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. பார்ப்பதற்காக மூட்டுக்குள் செலுத்தும் நீர், முறிவு வழியே கசிந்து காலுக்குள் அழுத்தம் ஏற்றும் ஆபத்துண்டு. எலும்பு நொறுங்கிப்போயிருந்தால் பெரிதாகத் திறந்தே ஆகவேண்டும். ஆக, லிஸ்டர் அன்று போட்ட கணக்கை இன்றைய மருத்துவரும் ஒவ்வொரு முட்டிக்கும் போட்டுப் பார்க்கிறார்: திறப்பதால் கிடைப்பது அதிகமா, இழப்பது அதிகமா?