கைபடாக் கணினி இயக்கம்

விசைப்பலகையையும் மவுஸையும் தொடாமல், தசையில் எழும் மின்குறிப்பாலும் பேச்சாலும் கணினியை இயக்கும் முறை. மூளை முடக்குவாதம், தண்டுவடக் காயம், தசைநலிவு ஆகியவற்றால் கை வழங்காதவர்களுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் இது வழி திறக்கிறது.

தசை சுருங்கும்போது தோலின்மேல் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றும். பெரும்பாலும் சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது. மனிதர் தாமாகக் கையை இறுக்கும்போது எழும் மின்னோட்டத்தை 1849இல் ஜெர்மானிய உடலியலாளர் எமில் து புவா-ரேமோன் அளந்து காட்டினார். இன்று தாடையிலோ நெற்றியிலோ காசளவு மின்முனைகளை ஒட்டினால் போதும்: ஒருமுறை பல்லைக் கடித்தால் ஒரு கிளிக். வியர்வை பட்டால் மின்முனை நழுவும். வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் உள்ளே புகும். அதை வடிகட்டியாக வேண்டும்.

தசையின் மின்சாரத்தை விட்டு, அசைவை மட்டும் பிடிக்கும் கருவிகளும் உண்டு. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத்தசையை அசைத்து எழுதியது அகச்சிவப்பு உணரியின் துணையால். சென்னை ஐஐடி, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்புடன் சேர்ந்து உருவாக்கிய ‘அதிதி’யும் இந்த வகைதான், கையோ காலோ தலையோ அருகே அசைந்தால் கிளிக் ஆகும்.

பேச்சறிதல் 1952இல் பெல் ஆய்வகத்தின் ‘ஆட்ரி’யோடு தொடங்கியது, அதற்கு எண்கள் மட்டுமே புரியும். கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017 ஆகஸ்டில். தமிழ் இத்தனை தாமதமானதற்கு மொழியின் அமைப்பும் ஒரு காரணம். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். இப்படி ஒட்டி ஒட்டி வளரும் சொற்களை எந்த அகராதியும் முழுதாகப் பட்டியலிட முடியாது. போதாததற்கு ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது.

கை வழங்காத பலருக்கு நாக்கும் முழுதாக வழங்குவதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். தெளிந்த குரல்களில் பயின்ற மென்பொருள், குழறும் பேச்சைக் கேட்டால் தடுமாறும். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியின் பேச்சு ஆய்வகமும் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் சேர்ந்து செய்த பணி இங்கேதான் அருமையாகிறது. பேச்சுக்குழறல் உள்ள 20 பேரும் இல்லாத 10 பேரும் பேசிய தமிழைப் பதிவுசெய்து, ஒலி ஒலியாக நேரம் குறித்தார்கள். ஏறத்தாழ 8 மணி நேரப் பதிவு. 2021இல் அமெரிக்காவின் மொழியியல் தரவுக் கூட்டமைப்பு வழியாக வெளிவந்தது. அளவில் சிறியதுதான். ஆனால் இந்தக் குரல்களும் தமிழ்தான் என்று கணினிக்குக் காட்டும் பதிவு இது.

குழறல் ஒரு புறம், வட்டார வழக்கு மறு புறம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், 70 கொண்டையூசி வளைவுகளுக்கு மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தமிழ், சமவெளித் தமிழிலிருந்து விலகி நிற்பது. சமவெளிக் குரல்களில் மட்டும் பயின்ற கருவி அங்கே ஏறினால் செவி மங்கும். கொல்லிமலையின் செம்மேடு போன்ற ஊர்களிலும் பதிவு நடக்க வேண்டும். அதுவரை அங்குள்ள ஒருவர் பல்லைக் கடித்துக் கிளிக் செய்யலாம். அதற்கு வட்டார வழக்கு எதுவும் குறுக்கே வராது.